பொய் சொல்லும் பெட்டி

நெடுஞ்சாலை ரேடார் வளைவுகளை ஏமாற்றும் ஜாமர் பெட்டிகளைத் தடைசெய்ய வேண்டும் என்று வழக்காடி ஜெயித்தவள் வக்கீல் சுகந்தி. அதே சுகந்தி நான்கு வருடம் கழித்து சேலத்தில் ஒரு கார் ஸ்டீரியோ கடைக்குப் போய், அப்படி ஒரு பெட்டியைத் தன் காரில் மாட்டித் தரச் சொன்னாள்.

கடைக்காரர் இதயத்துல்லாவுக்கு அவளைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. தடை வந்த வாரம் அவர் கடையிலிருந்துதான் போலீஸ் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனது. வேவு பார்க்க வந்திருக்கிறாளோ என்று பயந்து, அந்த மாதிரிச் சாமான் எதுவும் தன்னிடம் இல்லை என்று சாதித்தார். சுகந்தி எழுந்து போகவில்லை. ஒரு பெண்ணை ஓசூர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டும், அவள் வீட்டார் தேடுகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"சத்தம் போடுற பெட்டி வேணுமா, பொய் சொல்ற பெட்டி வேணுமாங்க?" என்று கேட்டார்.

வித்தியாசம் என்ன என்று அவள் கேட்டாள்.

"சத்தம் போடுறது வளைவோட கண்ணுல மண்ணைத் தூவும். அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா யாரோ தூவுறாங்கன்னு தெரிஞ்சிரும். அடுத்த நிமிஷம் ரோந்து வண்டி வந்து நிக்கும். பொய் சொல்றது அப்படி இல்லீங்க. வளைவு கேக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லும். வண்டி இன்னும் தூரத்துல வருதுங்கும். மெதுவா வருதுங்கும். உள்ள இருக்கிற ஆளோட நெஞ்சுத் துடிப்பை வேற யாரோடதாவோ மாத்திக் காட்டும்."

"நிஜமா வேலை செய்யுமா?"

"வாங்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லீங்க."

போலீஸில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படித் திரும்பி வந்து குறை சொல்வார்கள் என்று சுகந்திக்குத் தோன்றியது. ஆனாலும் மாட்டச் சொன்னாள்.

நெடுஞ்சாலைக்குக் குறுக்கே நிற்கும் ரேடார் வளைவுகள் முதலில் வேகத்தைப் பிடிக்கத்தான் வந்தன. பிறகு, வண்டிக்குள் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தன. அளவுக்கு மீறி ஆளேற்றும் வேன்களைப் பிடிக்க அது உதவியது. அதற்கப்புறம் ஒவ்வொரு நெஞ்சும் துடிக்கிற தினுசை வைத்து ஆளையே அடையாளம் காணக் கற்றுக்கொண்டன. கைரேகை மாதிரி அதுவும் ஆளுக்கு ஆள் வேறாம். காணாமல் போன குழந்தைகளைக் கண்டுபிடிக்கலாம் என்றார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் கிடைக்கவும் செய்தார்கள். ஆனால் பிள்ளையைக் காணோம் என்று புகார் கொடுக்கும் பெற்றோரிடம் அந்தப் பிள்ளைக்கு என்ன வயது என்று சட்டம் கேட்கவில்லை. கல்யாணம் செய்துகொண்டு ஓடிய இருபத்துமூன்று வயதுப் பெண்ணும் காணாமல் போன பிள்ளைதான்.

போன வருடம் சுகந்தி அப்படி ஒரு ஜோடியை நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் பாதுகாப்போடும் வண்டி ஏற்றி அனுப்பினாள். எந்த வளைவை எப்போது தாண்டினார்கள் என்ற தகவல் எப்படியோ பெண் வீட்டாருக்குப் போய்விட்டது. பையன் உயிரோடு திரும்பவில்லை. அதனால்தான் இந்த முறை உத்தரவும் வேண்டாம், பாதுகாப்பும் வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

இந்த முறை மிதுனா. பிசியோதெரபி படித்த பெண். அப்பாவுக்கு இரண்டு அரிசி ஆலைகள். கூடப் படித்த நவீனை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டது தெரிந்த அன்றே வீட்டில் செல்போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் பின்வாசல் வழியாக ஓடிவந்து சுகந்தியின் வீட்டில் இருந்தாள். நவீன் முன்னாடியே ஒரு லாரியில் போய், எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் காத்திருந்தான். அவனை யாரும் காணோம் என்று தேடச் சொல்லவில்லை, அதனால் வளைவுகள் அவனைக் கண்டுகொள்ளவில்லை. மிதுனா விஷயம் வேறு. அப்பாவின் காரில் வருடக்கணக்காகப் போய் வந்தவள். அவள் துடிப்பு வளைவுகளுக்கு மனப்பாடம். பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் அப்பாவின் ஆட்கள் நின்றார்கள். மிச்சமிருந்தது நெடுஞ்சாலை ஒன்றுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் இந்த வளைவுகளின் கணக்கு செல்லாது.

பெட்டியைப் பற்றிச் சுகந்திக்கு வேறொரு கவலையும் இருந்தது. அதை அவள் மிதுனாவிடம் சொல்லவில்லை. சாலையைக் கடக்க ஜனங்கள் நிற்கும் ஊர்களில், வண்டி நெருங்கினால் கடப்பவர்களுக்குச் சிவப்பு விளக்கு போடுவதும் இதே வளைவுதான். வண்டி இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று பெட்டி பொய் சொன்னால் பச்சை அப்படியே எரியும். சுபிக்ஷா என்ற நான்காம் வகுப்புப் பிள்ளை அப்படி எரிந்த பச்சையை நம்பித்தான் காலெடுத்து வைத்தது. வந்த காரில் ஜாமர் இருந்தது. பிள்ளையின் அம்மா பவுனு, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கூலி வேலை செய்பவள், சுகந்தியிடம் வந்து அழுதாள். அந்த வழக்கில்தான் சுகந்தி தடையை வாங்கினாள். ஜனங்கள் கடக்கும் இடத்தில் ஜாமர் போட்டால் தண்டனை இரட்டிப்பு என்ற பிரிவையும் அவள்தான் போராடிச் சேர்க்க வைத்தாள். இன்று போகிற வழியில், காவேரிப்பட்டணம் தாண்டி அப்படி ஓர் இடம் இருந்தது. பள்ளிக்கூட நேரத்துக்கு முன்னாலேயே அதைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் விடிந்ததும் கிளம்பினாள்.

ஓமலூர் தாண்டியதும் முதல் வளைவு வந்தது. மிதுனா முன்சீட்டில் குனிந்து, முகத்தை மடியில் புதைத்துக்கொண்டாள். அதனால் பயனில்லை என்று சுகந்தி சொல்லியும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மூச்சைப் பிடிக்கலாம், துடிப்பை எப்படிப் பிடிப்பது? வளைவைத் தாண்டிய பிறகும் சுகந்தி கண்ணாடியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். யாரும் வரவில்லை. ஒரு வெள்ளை பொலிரோ வெகுதூரம் கூடவே வந்தது. அதில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அவள் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் திரும்பியது. உள்ளே கிழவர் ஒருவர்தான் இருந்தார், பின்னால் வாழைத்தார்கள்.

தொப்பூர் கணவாயில் ஒரு கன்டெய்னர் லாரி சாய்ந்து கிடந்தது. வண்டிகள் நகரவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு ஒவ்வொரு காராகக் கடந்து வந்தார். மிதுனா துப்பட்டாவால் தலையை மூடித் தூங்குகிற மாதிரி இருந்தாள். அவள் கைவிரல்கள் மட்டும் சீட் பெல்ட்டைப் பிசைந்துகொண்டே இருந்தன. போலீஸ்காரர் இவர்களைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் அங்கே போன நேரம் போனதுதான். தர்மபுரியைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. சாலையோரம் சீருடைப் பிள்ளைகள் தென்படத் தொடங்கினார்கள்.

காவேரிப்பட்டணம் தாண்டி அந்த ஊர் வந்தபோது அவள் பயந்தபடியே இருந்தது. கடக்கும் இடத்தில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். விளக்கு பச்சையில் இருந்தது. சுகந்தி வேகத்தைக் குறைத்தாள். தன் காரை அவளால் நிறுத்திவிட முடியும். ஆனால் பின்னாலிருந்து ஒரு ஜல்லி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வலப்பக்கம் ஏறி வந்தது. பெட்டி சொல்லும் பொய் அவள் காருக்கு மட்டும் அல்ல, பக்கத்தில் வரும் எல்லா வண்டிக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளில் ஒருத்தி சாப்பாட்டுப் பையைத் தோளில் சரிசெய்தபடி, லாரியைப் பார்க்காமல், பச்சையைப் பார்த்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தாள்.

சுகந்தி ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டு ஸ்விட்சை அணைத்தாள்.

விளக்கு சிவப்பானது, மணி அடித்தது. அந்தச் சிறுமி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. சுகந்தியின் கார் வளைவுக்கு அடியில் ஊர்ந்து வெளியே வந்தது.

"இப்ப எதை மேடம் அமுக்குனீங்க?" என்று மிதுனா கேட்டாள்.

சுகந்தி அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சுபிக்ஷாவைப் பற்றியும் சொன்னாள். மிதுனா திரும்பி, பின்கண்ணாடி வழியாக அந்தப் பிள்ளைகள் கடந்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னை அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும். வளைவு சொன்னதை ஒரு ஆள் பார்த்து, சரின்னு அமுக்கினாத்தான் ரோந்துக்குப் போகும். சில நிமிஷம் இருக்கும்."

மிதுனா தன் செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டாள். ஓட வேண்டி வந்தால் என்று நினைத்திருப்பாள். அதைப் பார்த்ததும் சுகந்திக்குக் கண் கலங்கியது. பெட்டியைத் திரும்பப் போட்டாள். கிருஷ்ணகிரி மேம்பாலத்தில் ஒரு ரோந்து வண்டி நின்றது. அதன் கதவு திறந்திருந்தது. சுகந்தி என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் தேடிக்கொண்டே அதைக் கடந்தாள். உள்ளே இருந்தவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சூளகிரி வந்தது, போனது. ஓசூரின் நெரிசலில் ஒவ்வொரு பைக்கும் தங்களை ஒட்டி நிற்பதாகவே பட்டது. கடைசியில் எல்லையையும் தாண்டியாயிற்று. யாருமே வரவில்லை.

அத்திப்பள்ளியில் ஒரு மருந்துக்கடை வாசலில் நவீன் நின்றிருந்தான். மிதுனா இறங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். சுகந்தி அவர்களை ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு ஒரு டீ வாங்கினாள். பாதி குடிப்பதற்குள் போன் அடித்தது. தெரியாத எண்.

பேசியவர் தன் பெயர் செங்கோட்டுவேல், ஏட்டு என்றார். நெடுஞ்சாலைக் கண்காணிப்பு அறையில் வேலை. காரின் பதிவிலிருந்து அவள் எண்ணை எடுத்தாராம். கழிவறைப் பக்கம் வந்து பேசுவதாகவும், அதிக நேரமில்லை என்றும் சொன்னார். சுகந்தி டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டாள்.

"அந்தப் பெட்டியை நம்பி இன்னொரு தடவை யாரையும் ஏத்திக்கிட்டு வராதீங்க மேடம். அது வேலை செய்யல."

"வேலை செய்யலைன்னா?"

"தடை வந்தப்புறம் எல்லா வளைவையும் மாத்திட்டாங்க. இப்ப கடையில விக்கிற எதுவும் ஒரு பொய்யும் சொல்ல முடியாது. வெளிய சொன்னா ஜனங்க புதுசா வேற எதையாவது தேடுவாங்கன்னு, எழுத்துல எங்கேயும் போடக் கூடாதுன்னு உத்தரவு. ஓமலூர்ல இருந்தே அந்தப் பொண்ணு எனக்குத் தெரிஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு."

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, நிம்மதி. அப்படியானால் விளக்குகள்? எப்போதும் போல எல்லாம் எரிந்ததாகச் செங்கோட்டுவேல் சொன்னார். அந்தச் சிறுமி நின்ற இடத்திலும் அது தானாகவே சிவப்பாகியிருக்கும். அவள் யாரையும் ஆபத்தில் வைக்கவில்லை. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகுதான் கேட்டாள், ஏன் ரோந்துக்குச் சொல்லவில்லை என்று.

"பொண்ணோட சித்தப்பா காலையில இருந்து இங்க வராண்டாவுலதான் உக்காந்திருக்கார். எல்லாருக்கும் டீ வாங்கித் தர்றார். எந்த வளைவுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்கிறார். பொண்ணு சாப்பிட்டுச்சா, நல்லாருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல மேடம்."

ஜாமர் குறுக்கீடு இருக்கும் இடத்தில் வளைவு காட்டும் அடையாளத்தை நம்பக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. பழைய காலத்து விதி, இன்னும் யாரும் எடுக்கவில்லை. அதைக் காரணமாகப் போட்டு மிதுனாவின் அடையாளத்தை ஒவ்வொரு முறையும் தள்ளுபடி செய்ததாக அவர் சொன்னார். பெட்டியின் சிக்னல் பதிவில் தெளிவாகத் தெரிகிறது, அதனால் காரணமும் சரி.

சுகந்தி வக்கீல். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "காவேரிப்பட்டணம் தாண்டி அணைச்சிருந்தேனே?"

செங்கோட்டுவேல் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அங்க மட்டும் சிக்னல் இல்ல" என்றார். "அங்கயும் அதே காரணத்தைத்தான் போட்டேன். பரவால்ல, பார்த்துக்கலாம் மேடம். நீங்க இந்த ரோட்ல திரும்பி வராதீங்க." யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போன் துண்டானது.

தள்ளுபடி செய்தவற்றை மேலிடம் எடுத்துப் பார்க்கும். ஒரு இடத்தில் காரணம் பொய் என்று தெரிந்தால் மற்ற இடங்களையும் தோண்டுவார்கள். செங்கோட்டுவேலின் வேலை போகும். அது மட்டுமா? பெண் எல்லை தாண்டியது உறுதியாகிவிடும், எந்த நேரத்தில் என்பதும். சித்தப்பா அத்திப்பள்ளியில் வந்து நிற்பார். சுகந்தி டீக்கடை பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பெட்டியை வழியில் ஏதாவது ஏரியில் வீசிவிடத்தான் முதலில் நினைத்திருந்தாள். இப்போது அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வந்த வழியே காரைத் திருப்பினாள்.

கண்காணிப்பு அறை இருந்த அலுவலகத்தின் வராண்டாவில், சித்தப்பா என்று சொல்லப்பட்டவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பக்கத்தில் காலி டீ கிளாஸ்கள். அவள் தனியாக வருவதை நிதானமாகப் பார்த்தார். அவர் பார்வை அவளைத் தாண்டி காருக்குள் போய்த் தேடிவிட்டுத் திரும்பியது. சுகந்தி நேராக உள்ளே போய், ஆய்வாளரிடம், தன் காரில் ஜாமர் இருப்பதாகவும் வாக்குமூலம் கொடுக்க வந்திருப்பதாகவும் சொன்னாள். மூலையில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நரைத்த மீசைக்காரர் தலையைத் தூக்கினார். அவர்தான் செங்கோட்டுவேலாக இருக்க வேண்டும். சுகந்தி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆய்வாளருக்கு அவள் யாரென்று தெரியும். அவரால் நம்ப முடியவில்லை. எதற்காக என்று கேட்டார். ஓசூரில் ஒரு வழக்கு, நேரமாகிவிட்டது, வேகமாகப் போக வேண்டியிருந்தது என்றாள் சுகந்தி.

"எல்லா வளைவுலயும் உங்க வேகம் அளவுக்குள்ளதானே இருக்கு?"

"அது ஜாமர் காட்டின வேகம்."

"வண்டியில ஒரு பொண்ணு இருந்ததா காட்டுதே?"

"நான் மட்டும்தான் இருந்தேன். அதுவும் ஜாமர் காட்டினதுதான்."

"தப்பாக் காட்டினாலும், ஒவ்வொரு வளைவுலயும் அதே பொண்ணையா காட்டும்?"

"ஒரே பெட்டிதானே சார். ஒரே பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும்."

ஆய்வாளர் பேனாவை வைத்துவிட்டார். அவள் சொல்வது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதை மறுத்து எழுத வேண்டுமென்றால் ஜாமர் வேலை செய்யாது என்று எழுத வேண்டும். அதை எழுதக் கூடாது என்று உத்தரவு இருந்தது. அவர் பதிவுகளைப் புரட்டினார். காவேரிப்பட்டணம் தாண்டிய இடத்தில் நிறுத்தினார். செங்கோட்டுவேலின் கை திரைக்கு முன்னால் அசையாமல் இருந்தது.

"இங்க சிக்னல் பதிவாகல. இந்த இடத்துல அணைச்சிருந்தீங்களா?"

"இல்ல. அணைக்கவே இல்ல. சில சமயம் அது பதிவாகாது."

"பிள்ளைங்க கடக்கிற இடம் மேடம் அது. அங்க பிள்ளைங்க நின்னிருக்காங்க. இரட்டைத் தண்டனை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அங்கயும் போட்டிருந்தேன்."

தன் குற்றத்தைக் குறைத்துச் சொல்ல ஆயிரம் பேர் அந்த மேசைக்கு முன்னால் பொய் சொல்லியிருப்பார்கள். கூட்டிச் சொல்லும் பொய்யை அவர் பார்த்ததில்லை. அவளை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வாங்கினார். வராண்டாவிலிருந்த மனிதர் அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

செய்தி எல்லா இடத்திலும் வந்தது. தடை வாங்கிய வக்கீலே தடையை மீறினார், அதுவும் பள்ளிப் பிள்ளைகள் நின்ற இடத்தில். கோர்ட் வளாகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் அவளைக் கண்டால் போன் பேசுவதுபோல நகர்ந்தார்கள். ஜாமீன் கிடைத்தது. வக்கீல் தொழில் செய்யும் உரிமையை நிறுத்திவைத்தார்கள். அவள் எதிர்வழக்காடவில்லை. செங்கோட்டுவேல் அதே நாற்காலியில் இருந்தார். மிதுனாவும் நவீனும் வேறு ஊருக்கு மாறிவிட்டார்கள். எந்த ஊர் என்று தன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சுகந்தியே சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது பவுனு வந்தாள். ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கையிலெல்லாம் மாவு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"டிவியில சொல்றது நெசமாங்க?"

"ஆமாக்கா."

"பிள்ளைங்க நின்னுதுங்களாமே."

"நின்னாங்க."

"அப்பவும் போட்டிருந்தீங்களா?"

அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பவுனுவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அவள் தெருவில் தினமும் யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போன வாரம்கூட ஒரு ஜோடி அதே சாலையில் பத்திரமாக எல்லை தாண்டியதாகச் சுகந்தி கேள்விப்பட்டிருந்தாள். வளைவு சொன்னதை அங்கே ஒருவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டிருந்தேன்க்கா" என்றாள் சுகந்தி.

பவுனுவின் பார்வை சுவருக்குப் போயிற்று. வழக்கு ஜெயித்த அன்று அவள் கொண்டுவந்து கொடுத்த படம் அங்கே மாட்டியிருந்தது, சுபிக்ஷா சீருடையில் நிற்கும் படம். அவள் போய்க் கையை உயர்த்தி அதை எடுக்கப் பார்த்தாள். எட்டவில்லை. நுனிக்காலில் நின்று இன்னொரு முறை முயன்றாள்.

சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து, அவள் கையில் கொடுத்தாள்.